வரிக்குக் காத்திருந்த பருத்தி

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், தூங்கும் குழந்தையை மடியில் வைத்திருந்தேன். பிறர் பேச்சைக் கேட்கக் கூடாதுதான். ஆனால் முன் சீட்டு அம்மாள் தன் கணவரிடம், “அமெரிக்காவுல பிரசிடெண்டு மாறுறதுக்கும் நம்ம பொண்ணு படுக்குறதுக்கும் என்னங்க சம்பந்தம்?” என்றதும் என் காது அங்கே போய்விட்டது.

“இருக்கு புள்ள. போறவரு, கவர்மெண்டு காசு குடுத்து கம்பெனி கட்டச் சொன்னாரு. வர்றவரு, வெளிச்சரக்குக்கு வரி போட்டா கம்பெனி தானா வந்துரும்ங்கிறாரு. சீனாவுக்கு வரி ஏறுனா ஆர்டரெல்லாம் திருப்பூருக்கு வரும். பருத்தி வெல ஏறும். அதுவரைக்கும் நம்ம மூட்டைங்க நடுவூட்டுலயே கெடக்கட்டும்.”

“நமக்கும் சேத்து வரி போட்டுட்டாருன்னா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஞாயித்துக்கெழம வளைகாப்பு முடிஞ்சு அவள அழச்சிட்டு வரோம். வவுத்துப்புள்ளக்காரி மூட்ட மேலயா படுப்பா?”

அவர் அம்மாள் பக்கம் திரும்பினார். “சரி, நாளைக்கே ஏலத்துக்கு ஏத்திடுறேன். ஒரு மூட்ட மட்டும் இருக்கட்டும்.”

“எதுக்கு? வெல ஏறுதான்னு பாக்கவா?”

“பேரப்புள்ளைக்கு மெத்த தைக்க வேணாமா?”

அம்மாள் சிரித்துவிட்டார். “தைங்க. அதுக்கு எவன் வரி போடுறான்னு பாத்துருவோம்.”