தோல் வாத்தியார்

கொட்டிடாதீங்கண்ணே, ஒரு நிமிஷம். ஜூஸ் வேணாம், அந்தப் பழத்தோலு மட்டும் போதும். இல்லண்ணே, ஆடு மாடெல்லாம் வளக்கலை. நாந்தான் சாப்பிடறேன்.

சிரிங்க, பரவாயில்லை. எங்க தெருவே சிரிக்குது. கெமிஸ்ட்ரி வாத்தியாரா இருந்தவன் இப்ப தோல் வாத்தியார் ஆயிட்டேன். ஆனா விஷயம் இருக்குண்ணே. ஆரஞ்சுல சுளையவிடத் தோல்லதான் நார்ச்சத்து, வைட்டமின் சி எல்லாம் கூடுதல். மாதுளைத் தோல்ல பாலிஃபீனால்னு ஒண்ணு, உள்ள இருக்கற முத்தவிட நெறைய. நாம என்னடான்னா இனிப்புத் தண்ணியக் குடிச்சிட்டுச் சத்தைக் குப்பைல போடறோம். இருபத்தாறு வருஷம் பாடம் நடத்தினேன், ஒரு பயலும் காதுல வாங்கலை. நீங்களாவது கேக்கறீங்க. கேக்காம கடைய விட்டுட்டு எங்க போவீங்க.

எப்படியா? கழுவி, மாடில காயவெச்சு, மிக்ஸில அரைச்சு, வெந்நீர்ல கலக்கி. மிக்ஸி ரெண்டு செத்துப்போச்சு. ருசிய மட்டும் கேக்காதீங்க. மொத வாய்லயே கண்ணு ரெண்டும் மூக்குகிட்ட வந்துடும்.

சேச்சே, எனக்கு ஒரு வியாதியும் இல்லை. குத்துக்கல்லாட்டம் இருக்கேன். வீட்டுக்காரிக்காக ஆரம்பிச்சது. எதிர்ல இருக்கே, அந்த ஆஸ்பத்திரிலதான், மூணாவது மாடி. கேன்சர். ஒரு டம்ளர் கலக்கி எடுத்துட்டுப் போனேன். டாக்டரம்மா பாத்துட்டாங்க. படிச்சவர்தானே நீங்க, இது நாங்க குடுக்கற மருந்தோட மோதும்னு தெரியாதான்னு நர்ஸுங்க முன்னாடி வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. ஊருக்கெல்லாம் கெமிஸ்ட்ரி சொன்னவனுக்கு அது தோணலை பாருங்க. அசடு வழிய நின்னேன். கீழ ஊத்த மனசு வராம, நானே மடக்குமடக்குனு குடிச்சேன். என் மூஞ்சி போன போக்கைப் பாத்து அவ சிரிச்சா. ரெண்டு மாசமா யார்கிட்டயும் பேசாதவ, கட்டில் ஆடச் சிரிச்சா.

அன்னிலேருந்து தெனம் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு டம்ளர். அவ முன்னாடி உக்காந்துதான் குடிக்கறது.

இப்ப என்னன்னா, நாக்கு பழகிப்போச்சுண்ணே. பச்சைத்தண்ணி மாதிரி எறங்குது. நேத்து நானா மூஞ்சியக் கோணிப் பாத்தேன். முப்பது வருஷமா இந்த மூஞ்சியப் பாக்கறவ ஏமாறுவாளா. நடிக்காதீங்கன்னு சொல்லிட்டு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா.

அதான் கேக்கறேன், இதைவிடக் கசக்கற தோலு ஏதாவது இருக்காண்ணே?