பிள்ளை தானாக வாயை விடும்வரை

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பால் சங்கத் தலைவர் ரங்கையா அவர்களே! துணையை இழந்த துயரத்தோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஸ்ரீஹரி அவர்களே! கார்வேட்டிநகரம் சுற்றுக் கிராமங்களிலிருந்து கைக்குழந்தைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே! ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர் நாகேந்திரனின் கனத்த வணக்கம்.

யாரை இழந்து நிற்கிறோம்? குழந்தை நல மருத்துவர் டாக்டர் சுமித்ரா அம்மையாரை! திருப்பதியில் நல்ல கிளினிக்கை வைத்துக்கொண்டு, சனிக்கிழமை தவறாமல் புத்தூரில் பஸ் மாறி நம் ஊருக்கு வந்த பாப்பா டாக்டரம்மாவை! என்னைப் பார்த்ததும், "ஏமண்டி மாட்டு டாக்டர் காரு, உங்க பேஷண்ட் எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்பார். இனி என்னை அப்படிக் கேட்க யார் இருக்கிறார்கள்?

பஸ் ஸ்டாண்டில் டீ குடிப்போம். டீயில் ஆடை படிந்தால் நான் விரலால் எடுத்துப் போடுவேன். அவரோ தன் டம்ளரில் இருப்பதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "கொழுப்பைக் கீழே போடற ஆளா நீங்க?" என்பார். எனக்குக் கொழுப்பு அதிகம் என்று ஊரே சொல்லும், அது வேறு விஷயம்!

நண்பர்களே, அவர் வாழ்நாளெல்லாம் பேசியது பாலில் உள்ள கொழுப்பைப் பற்றித்தான். பிறந்த குழந்தையின் மூளை வேகமாக வளர்கிறது, அந்த மூளையில் தண்ணீர் போக மீதியில் பாதிக்கு மேல் கொழுப்புதான் என்பார். தாய்ப்பாலில் மிதக்கும் ஒவ்வொரு கொழுப்புத் துளியைச் சுற்றியும் மெல்லிய உறை ஒன்று உண்டு, நரம்பு வளர அந்த உறையும் உதவுகிறது என்பார். எங்களுக்குப் புரிந்ததா? எங்கே புரிந்தது! தலையை மட்டும் ஆட்டினோம்.

அதைப் புரியவைத்தது தரணியின் வீடு. தரணி அதோ, தூண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பன்னிரண்டு வருஷம் இருக்கும். அவருடைய நாலு மாதக் குழந்தை ரூபாவுக்கு எடை ஏறவே இல்லை. மாமியார் செங்கம்மா, "இவ பாலு வெறும் தண்ணியா கீது டாக்டரம்மா, டப்பா பாலு எழுதிக் குடுத்துடு" என்றார். உண்மையிலேயே பால் போதாத தாய்க்கு அம்மையார் எந்தக் குறையும் சொல்லாமல் டப்பா பால் எழுதித் தந்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்று எழுதவில்லை. "நாளைக்கு விடியக்காலம் வீட்டுக்கு வரேன்" என்றார். அன்றிரவு ஊரிலேயே தங்கி, கூட என்னையும் இழுத்துப் போனார்.

பொழுது விடிகிறது. தரணி பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டிருக்கிறார். தூரத்தில் பால் வண்டியின் ஹாரன். சட்டென்று பிள்ளையைப் பிரித்து மாமியார் கையில் கொடுத்துவிட்டு மாட்டடியில் உட்கார்ந்தார். பிள்ளை வீறிட்டது. ஹாரன் கிட்டத்தில் வந்துவிட்டது.

"வண்டி வந்துட்சிடி, எயுந்து வா!" என்று செங்கம்மா கத்துகிறார்.

"இரு அத்தே, கடைசி பாலு இன்னும் கீது."

எழவில்லை! கடைசிச் சொட்டுவரை கறந்துவிட்டுத்தான் எழுந்து ஓடினார். திரும்பி வந்து பிள்ளையை எடுத்து மறுபக்கத்து மார்பில் போட்டார்.

அம்மையார் கேட்டார்: "ஏம்மா, ஹாரன் அடிச்சதும் பிள்ளைய உட்டுட்ட. மாட்ட மட்டும் ஏன் உடல?"

"கடைசி பாலுலதானேம்மா ஃபேட்டு..." என்று ஆரம்பித்த தரணி மார்பிலிருந்த பிள்ளையைக் குனிந்து பார்த்தார். பிறகு அழுதார். செங்கம்மாவும் அழுதார். நான் மாட்டைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

கொழுப்பு பார்த்து விலை போடும் ஊர் நம் ஊர். முதலில் வரும் முன்பாலைவிடக் கடைசியில் வரும் பின்பாலில்தான் கொழுப்பு அதிகம் என்பது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தக் கணக்கை மாட்டோடு நிறுத்திக்கொண்டோமே! இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று பிள்ளைக்கு முன்பாலையே கொடுத்துக்கொண்டிருந்தோமே!

அதோடு விட்டாரா அம்மையார்? தரணியின் மேல் தப்பில்லை, வண்டியின் மேல்தான் தப்பு என்று நேரே ரங்கையாவிடம் போனார். "சித்தூர்ல குளிர வைக்கிற இடத்துல காத்துக்கினு இருக்க மாட்டாங்கம்மா, வண்டி நிக்காது" என்றார் இவர். "நிக்க வேணாம். முதல்ல இந்த ஊருக்கு வர வண்டி கடைசியா வரட்டும்" என்றார் அவர். வழி திரும்பியது. தரணியும் பிள்ளையை அவசரமில்லாமல் குடிக்க விட்டார். தராசு முள்ளும் மெல்ல நகர்ந்தது. அந்த ரூபா இன்று தன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நான் பேரைச் சொன்னதும் வெட்கப்படுகிறாள்.

போன மாதம் திருப்பதியில் அவரைப் படுக்கையில் பார்த்தேன். வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "வண்டி இன்னும் கடைசியாத்தானே வருது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஆனால் டீசல் செலவைச் சொல்லி வழியைப் பழையபடி மாற்றப் பேச்சு நடப்பது எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ரங்கையா! அவையின் நடுவே மைக் பிடித்துக் கேட்கிறேன். வழி மாறுமா?

தலையை ஆட்டினால் போதாது, வாயைத் திறந்து சொல்லுங்கள்.

"மாறாதுய்யா" என்கிறார். எல்லாரும் கேட்டீர்களா? அம்மையாரே, நீங்களும் கேட்டீர்களா? உங்கள் சனிக்கிழமை இனி எங்கள் சனிக்கிழமை! எடை போடும் தராசோடு உங்கள் மகள் டாக்டர் ஹர்ஷினி வருவார், நான் கூட நிற்பேன். இது சத்தியம்!

இப்போது அவருக்காக எழுந்து நின்று அமைதி காப்போம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய்மார்கள் மட்டும் எழ வேண்டாம். எழுந்தால் அம்மையாருக்குக் கோபம் வரும். பிள்ளை தானாக வாயை விடட்டும், நாங்கள் அதுவரை நிற்கிறோம்.