இருபத்தோராவது நிமிஷம்

சித்தி, எங்க பில்டிங் லிப்ட யாரும் குறை சொல்ல முடியாது. பழசுதான். ஆனா நாங்க குடிவந்த ஆறு வருஷத்துல ஒரு தடவகூட அதுவா நடுவுல நின்னதில்ல. நாலாவது மாடிக்காரங்க ஒருநாள் பிரிட்ஜையே அதுல ஏத்துனாங்க. கொஞ்சம் முனகிச்சு, ஆனா கொண்டுபோய்ச் சேத்துடுச்சு. அதனால யாராவது உங்கிட்ட லிப்ட் கோளாறுன்னு சொன்னா நம்பாத. அதுக்கு ஒரு கோளாறும் கெடையாது.

நீ நைட் டூட்டில இருப்பன்னு தெரியும். பேசுனா அம்மா முழிச்சுக்குவா, அதான் டைப் பண்றேன். நடுவுல பேஷன்ட் யாராவது கூப்பிட்டா போயிட்டு வந்து மிச்சத்தப் படி. போன் மட்டும் பண்ணிடாத.

லிப்ட் அண்ணன் செத்துட்டாருன்னு அம்மா உனக்குச் சொல்லியிருப்பா. எப்படின்னு சொல்லியிருக்க மாட்டா. அவளுக்குத் தெரியாது. நான் சொல்றேன். ஆனா மொதல்ல அவரு எப்படி வேல செய்வாருன்னு உனக்குப் புரியணும்.

மாசம் ஒரு வியாழக்கிழமை, நான் ஸ்கூல் விட்டு வந்ததுக்கு அப்புறம் வருவாரு. எங்க வீடு மேல் மாடியாச்சே, கதவத் தொறந்தா எதுக்கவே மிஷின் ரூம். உள்ள போயி மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணி, அதுமேல ஒரு சின்னப் பூட்டுப் போடுவாரு. சாவிய என் கையில குடுத்துட்டுக் கீழ போவாரு. லிப்டுக்கு அடியில இடுப்பளவு ஒரு குழி இருக்கு. அதுல எறங்கித்தான் கிரீஸ் போடணும். குழிக்குள்ளயே லிப்ட நிறுத்துற சுவிட்ச் ஒண்ணு இருக்காம், அது கெட்டுப்போயி எட்டு மாசம் ஆச்சு. மூணு தடவ எழுதிக் குடுத்தாரு, யாரும் மாத்தல. அதனால அவரு உசுரு மொத்தமும் அந்தச் சாவியிலதான் இருக்கும். வேல முடிச்சு வெளிய ஏறி வந்து, போன் பண்ணி பாஸ்வேர்டு சொல்லுவாரு. அதக் கேட்டாத்தான் நான் பூட்டத் தொறக்கணும்.

"மேனேஜர் மேடம், இன்னிக்கு பாஸ்வேர்டு சுண்டெலி."

"போன மாசமும் எலிதானேண்ணா?"

"அது பெருச்சாளி. வேல சரியில்லன்னு பதவி எறக்கிட்டாங்க."

இப்படித்தான் பேசுவாரு. நல்லவருதான். நான் இல்லன்னு சொல்லல.

முன்னாடி சாவி வாட்ச்மேன்கிட்டதான் இருந்துச்சு. ஒருநாள் அஞ்சாவது மாடி சார் வந்து, எவ்வளவு நேரம்யா நிக்கிறதுன்னு கத்தியிருக்காரு. வாட்ச்மேன் பயந்துபோயி மேல வந்து சுவிட்சப் போட்டுட்டாரு. அண்ணன் அப்பதான் குழியில இருந்து ரெண்டாவது கால வெளிய எடுத்து வெச்சாராம். அதுக்கப்புறம்தான் சாவி எங்கிட்ட வந்துச்சு. "வயசானவங்க சத்தத்துக்குப் பயந்துடுவாங்க. நீ பயப்பட மாட்ட"ன்னு சொன்னாரு. அவரு சொன்னது சரி.

இப்ப அந்தப் படம். நீயும் பாத்திருப்ப. ரயில் நிலையத்துல குண்டு வெச்சு ஏழு வருஷம் ஆச்சுன்னு எடுத்தாங்களே, அந்த டாக்குமெண்டரி. எங்க கிளாஸ்ல பாதிப் பேரு அதப் பாத்து அழுதோம்னு ஸ்டேட்டஸ் போட்டாங்க. அடுத்த ஸ்டேட்டஸ் நாய்க்குட்டி. நான் அழல சித்தி. செத்தவங்க போட்டோ வரிசையா வரும்போது பின்னாடி வயலின் வாசிச்சாங்க. அக்கா போட்டோ பதினாலாவது. காலேஜ் அடையாள அட்டையில இருக்குமே, அவளுக்கே புடிக்காது, அந்த போட்டோ. நாலு செகண்ட் காட்டுனாங்க. நான் எண்ணுனேன். வயலின் நிக்கவே இல்ல. எனக்கு அழுகை வரல, வாந்திதான் வந்துச்சு. பாத்ரூம்ல குழாயத் தொறந்து விட்டுட்டு எடுத்தேன், அம்மாவுக்குக் கேக்கக் கூடாதுன்னு.

இருபத்தோராவது நிமிஷத்துல ஒருத்தன் பிளாட்பாரத்துல நடந்து வருவான். சாம்பல் கலர் ஜாக்கெட், கையில நீலப் பை. பெஞ்சுக்கு அடியில பைய வெப்பான். வெச்சுட்டு எடது கால் பக்கத்தால அத ஒரு தள்ளு தள்ளுவான், சுவரோட ஒட்டுற மாதிரி. அப்புறம் திரும்பிப் போயிடுவான். மூஞ்சி ஒரு நொடிதான் தெரியும்.

எனக்கு மூஞ்சியே தேவைப்படல. டூல்ஸ் பைய அப்படித் தள்ளுற ஒரே ஆளு லிப்ட் அண்ணன்தான். லிப்டுக்கும் தரைக்கும் நடுவுல சந்து இருக்கும்ல, அதுக்குள்ள ஸ்பேனர் விழுந்தா எடுக்க முடியாது. அதனால எங்க போனாலும் பைய சுவரோட ஒட்டித் தள்ளுவாரு. எங்க வீட்டுக்குத் தண்ணி குடிக்க வந்தாக்கூட அப்படித்தான்.

நான் முட்டாள் இல்ல. நிஜமாப் பைய வெச்சவன இன்னும் புடிக்கல, அன்னிக்குக் கேமராவும் வேல செய்யல. அதனால ஆளுங்கள நடிக்க வெச்சு எடுத்திருக்காங்க. திரையோட மூலையில சின்ன எழுத்துல 'சித்தரிப்பு'ன்னு போட்டிருந்துச்சு. படிச்சேன். எல்லாம் தெரிஞ்சுதான் பேசுறேன்.

ஆனா அம்மாவப் பத்தி உனக்குத் தெரியாது. மறுநாள் ஆபீஸ் விட்டு வந்து திரும்ப அந்தப் படத்தப் போட்டா. அதுக்கு மறுநாளும் போட்டா. நேரா இருபத்தோராவது நிமிஷத்துக்குப் போயி அப்படியே நிறுத்திடுவா. தட்டத் தரையில வெச்சுட்டு எழுந்து போயி டிவியத் தொடுவா. வெரல் படுற எடத்துல ஒரு கறை இருக்கும். தெனமும் காலையில நான்தான் அதத் தொடச்சேன். ஏழு வருஷமா அவளுக்கு வெறுக்குறதுக்கு ஒரு மூஞ்சிகூட இல்லாம இருந்துச்சு. இப்ப ஒண்ணு கெடச்சிருச்சு. அதே மூஞ்சிதான் மாசாமாசம் எங்க வாசல்ல வந்து நிக்குது. அம்மா அவர ரெண்டு மூணு தடவதான் பாத்திருக்கா, டிவியில அடையாளம் தெரியல போல. என்னிக்காவது சீக்கிரம் வந்து லிப்ட்ல அவரப் பாத்தா என்ன ஆவா? நீயே சொல்லு.

போன வியாழக்கிழமை அவரு வந்தப்ப கேட்டேன். நியாயமாக் கேட்டேன்.

"அண்ணா, அந்த ரயில் நிலையப் படத்துல நீங்க வர்றீங்களா?"

அவரு மூஞ்சிய நீ பாத்திருக்கணும். லாட்டரி விழுந்தவன் மாதிரி.

"அட, பாத்துட்டியா! எங்க வீட்லயே நம்ப மாட்டேங்குறாங்க. நாந்தான்னு சொன்னா, போயா உன் மூக்கு அப்படியா இருக்குங்கறா பொண்டாட்டி. எப்படி இருந்துச்சு மேனேஜரே, உண்மையச் சொல்லு."

"நல்லா இருந்துச்சு."

"ஒரே ஒரு நாள்தான் வேல. லிப்ட் மாட்டப் போன ஸ்டேஷன்ல, நடிக்க வேண்டிய ஆளு வரலன்னு என்னப் புடிச்சு நிக்க வெச்சுட்டாங்க. ஒரே பைய ஏழு தடவ வெச்சேன்னா பாத்துக்கோ. டைரக்டரு வந்து, பதட்டப்படாதய்யா, வீட்ல பால் பாக்கெட் வெக்கிற மாதிரி வை அப்படிங்கறாரு. ஏழாவது தடவ அப்படியே வெச்சேன். கையத் தட்டுனாங்க."

"கையத் தட்டுனாங்களா?"

"எல்லாரும். லைட் புடிக்கிறவன்கூட."

அக்கா அங்கதான் செத்தான்னு அவருக்குத் தெரியாது. நாங்க இந்த பில்டிங்ல யாருகிட்டயும் சொன்னதில்ல. பாவமாப் பாப்பாங்கன்னு அம்மாதான் சொல்ல வேணாம்னா. அப்பவே நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா உடனே அழுதிருப்பாரு, மன்னிப்புக் கேட்டிருப்பாரு, எனக்கு அது தெரியும். அப்புறம் நான் மன்னிக்கணும். எனக்கு மன்னிக்கத் தோணல. அதனால சொல்லல.

சாவிய என் கையில வெச்சாரு. "இன்னிக்கு பாஸ்வேர்டு சூப்பர் ஸ்டாரு"ன்னு சிரிச்சுக்கிட்டே படியில எறங்கிப் போனாரு.

நான் பத்து நிமிஷம் காத்திருந்தேன். அவசரப்படல, கோவத்துல கண்ணு மண்ணு தெரியாமப் பண்ணுனேன்னு யாரும் சொல்லிடக் கூடாது. கணக்குப் பாடத்துல ரெண்டு கேள்விக்கு விடையும் எழுதுனேன். ரெண்டும் சரி. அப்புறம் மிஷின் ரூமுக்குப் போனேன். லிப்ட் மூணாவது மாடியில நின்னுக்கிட்டிருந்துச்சு. கரண்ட் போயிட்டு வந்தா அது மொதல்ல நேராத் தரைத் தளத்துக்குத்தான் எறங்கும். எனக்கு அதச் சொல்லிக் குடுத்ததே அவருதான்.

பூட்டத் தொறந்து சுவிட்சப் போட்டேன்.

அவரு கத்துனதையெல்லாம் எழுத மாட்டேன். நீ நர்ஸு, உனக்கே தெரியும். ரொம்ப நேரம் இல்ல.

போலீஸ் வந்து விசாரிச்சாங்க. வழக்கமா சாவி எங்கிட்ட இருக்கும்தான், ஆனா பரீட்சைக்குப் படிக்கணும்னு அன்னிக்கு நான் வாங்கிக்கல, வாட்ச்மேன்கிட்ட குடுத்திருப்பாருன்னு சொன்னேன். கூட்டம் குழியச் சுத்தி நிக்கும்போது சாவியத் தொடச்சு வாட்ச்மேன் மேச டிராயர்ல போட்டிருந்தேன். அவங்க அங்கதான் எடுத்தாங்க. அஞ்சாவது மாடி சார் தானா முன்னால வந்து பழைய கதையச் சொன்னாரு, தான் கத்துனத மட்டும் விட்டுட்டு. வாட்ச்மேன் "நான் இல்லைங்கய்யா, நான் இல்லைங்கய்யா"ன்னு மட்டும் சொன்னாரு. வேற எதுவும் அவருக்குச் சொல்லத் தெரியல. ரெண்டு நாள் வெச்சு விசாரிச்சுட்டு விட்டாங்க. நாளைக்குக் காலையில திரும்பக் கூட்டிட்டுப் போறாங்க, இந்தத் தடவ கேஸு. வாட்ச்மேன் பொண்ணு சாயங்காலம் வந்து கேட் பக்கத்துல உக்காந்தா, இப்பவும் உக்காந்திருக்கா. ஜன்னல்ல இருந்து பாத்தாத் தெரியுது. அதனாலதான் தூக்கம் வரல. வேற ஒண்ணும் இல்ல.

இல்ல, இன்னொண்ணும் இருக்கு. இன்னிக்கு ராத்திரி சாப்புடும்போது அம்மா மறுபடியும் அந்தப் படத்தப் போட்டா. இருபத்தொண்ணு. நிறுத்துனா. எழுந்தா. எனக்குத் தாங்கல.

"போதும்மா. இனிமே அவன் மூஞ்சியப் பாக்காத. எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"எவன் மூஞ்சிடி?"

"பைய வெக்கிறானே, அவன்."

"அவனையா? அவன எவடி பாத்தா?" அம்மா என் கையப் புடிச்சு டிவிகிட்ட இழுத்துட்டுப் போனா. "இங்க பாரு. பின்னாடி, தூணுகிட்ட."

ஜாக்கெட் போட்ட தோளுக்குப் பின்னால ஒரு பொண்ணு நடந்து போகுது. மஞ்சள் சட்டை, ஒத்தப் பின்னல். அதுவும் நடிக்க வந்ததுதான். முதுகு மட்டும்தான் தெரியுது, அதுவும் மூணு செகண்ட். அம்மா அத ஓட விட்டா. திரும்ப ஓட விட்டா.

"எடது பக்கம் லேசா சாஞ்சு நடக்குறா பாரு. அப்படியே உங்க அக்கா. அவ நடந்து ஏழு வருஷம் ஆச்சுடி, எனக்கு நடையே மறந்துபோச்சுன்னு நெனச்சேன்." சிரிச்சா சித்தி. அம்மா பல்லு தெரிய சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அப்புறம்தான் கண்ணாடியப் போட்டுக்கிட்டுக் கிட்ட போயி முன்னாடி நிக்கிற மூஞ்சியப் பாத்தா. "இரு, இது நம்ம லிப்ட் தம்பிதானே? அய்யோ, பாவம்டி. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு யாருன்னு கேட்டிருப்பேனே. ஒருவேள தெரிஞ்சிருக்கும்."

நான் ரூமுக்குள்ள வந்து கதவச் சாத்திட்டேன்.

அம்மா மொதல்லயே சொல்லியிருக்கணும். அது என் தப்பு இல்ல. வெரல் எந்த எடத்துல படுதுன்னு யாரு அளந்து பாப்பாங்க? சின்ன டிவி, ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்கிறாங்க. அப்படியே இருந்தாலும் அவரு பைய வெச்சது வெச்சதுதான். ஏழு தடவ. கை தட்டு வாங்கியிருக்காரு. யாராவது ஒருத்தர் அதுக்குப் பதில் சொல்லணும்ல? அந்த நிஜ ஆள ஏழு வருஷமா எவனும் தேடல, படம் மட்டும் எடுக்குறாங்க. வாட்ச்மேனுக்கு வயசாச்சு, ரொம்ப நாள் உள்ள வெக்க மாட்டாங்க. நான் விசாரிச்சுட்டேன்.

பயமா இருக்கு சித்தி. தப்புத் தப்பா அடிச்சு அடிச்சுத் திருத்துறேன். ஆனா பயமும் தப்பும் ஒண்ணு இல்ல. விடியறதுக்குள்ள நீ யாருகிட்டயாவது சொல்லணும்னா சொல்லு, நான் உன்னத் தடுக்க மாட்டேன். ஆனா படிச்சு முடிச்சதும் நான் அந்தப் பைய வெச்சவன் மாதிரின்னு மட்டும் நெனச்சிடாத. நான் அவன மாதிரி இல்ல. பைய வெக்கும்போது அவனுக்கு யாரு சாகப் போறாங்கன்னே தெரியாது. எனக்கு நல்லாத் தெரிஞ்சிருந்துச்சு.