ஜெயிச்ச ஷூ

அக்கா: கை வைக்காதடி! இன்னும் காயல.

தங்கச்சி: ஷூ கம்பெனிக்காரர் வர்ற நேரமாச்சுக்கா…

அக்கா: வரட்டும். ஷூல திரும்பப் பூசின நெயில் பாலிஷ் காயாம எப்படித் தூக்கிக் குடுக்கறது? ரேஸுக்கு முன்னாடி அவங்க கம்பெனி சின்னத்தை எவ்வளவு அழகா வரைஞ்சு விட்டேன்! நீ ஓடின ஓட்டத்துல பாதி உதிர்ந்து போச்சு.

தங்கச்சி: மாரத்தான்னா ஓடத்தானேக்கா செய்யணும்?

அக்கா: ஓடினே சரி. எதுக்குடி ஜெயிச்சுத் தொலைச்சே? தோத்திருந்தா இந்த ஷூவை எவன் கேக்கப் போறான்? மாசாமாசம் பணம் குடுக்கறது ஒரு கம்பெனி, நீ மாட்டிக்கிட்டு ஓடினது அவங்க எதிரி கம்பெனி ஷூ…

தங்கச்சி: இவங்க ஷூ கடிக்குதுக்கா! ரத்தம் வந்ததை நீயும்தானே பாத்தே?

அக்கா: அதை அவங்ககிட்டல்ல சொல்லணும்? எப்படிம்மா இருக்குன்னு அவர் கேக்கறப்பெல்லாம், "பூ மாதிரி இருக்கு சார்"னு குழைஞ்சது யாரு?

தங்கச்சி: படி அளக்கறவங்ககிட்ட எப்படிக்கா குறை சொல்றது? இந்த ஒப்பந்தம் போச்சுன்னா ஓடறதையே விட்டுட்டு வேற வேலை தேடணும்…

அக்கா: அதான் சொல்றேன், நீ வாயே திறக்காத. நான் பாத்துக்… ஐயோ, பெல்! ஷூவைப் பின்னாடி மறை.

கம்பெனிக்காரர்: வணக்கம், வணக்கம்! எங்க சாம்பியன்? புது ஒப்பந்தம் கையோட கொண்டாந்துட்டேன். அந்த ஷூவை மட்டும் குடுத்தீங்கன்னா, ஷோரூம்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள, மேல லைட்டப் போட்டு…

அக்கா: அது… துவைச்சுப் போட்டிருக்கு சார்.

கம்பெனிக்காரர்: பரவால்ல, ஈரமாவே குடுங்க.

அக்கா: நாய் ஒண்ணு வேற…

கம்பெனிக்காரர்: நாயா? துவைச்சிருக்குன்னீங்க?

அக்கா: துவைச்சப்புறம்தான் சார் நாய் வந்துச்சு!

தங்கச்சி: போதும்க்கா. சார், இந்தாங்க ஷூ.

அக்கா: அடிப்பாவி…

கம்பெனிக்காரர்: அட, இதானா! …என்னம்மா, விரல்ல செவப்பா ஒட்டுது?

தங்கச்சி: நெயில் பாலிஷ் சார். இது உங்க ஷூவே இல்ல. உங்க ஷூ கடிக்குது. சொன்னா கோவிச்சுப்பீங்கன்னு பயந்து பொய் சொன்னேன். ஒப்பந்தத்தை எடுத்துட்டுப் போறதுன்னா போங்க. இனிமே பூ மாதிரின்னு மட்டும் என்னால சொல்ல முடியாது.

அக்கா: சின்னப் பொண்ணு சார், சும்மா விளையாட்டுக்கு…

கம்பெனிக்காரர்: நீங்க கொஞ்சம் இருங்க. எங்கம்மா கடிக்குது?

தங்கச்சி: குதிகால்ல சார்.

கம்பெனிக்காரர்: பின்பக்கம், தையலை மடிச்சு விட்டிருக்கற இடம்தானே?

தங்கச்சி: அதே இடம்தான்!

கம்பெனிக்காரர்: அதை மாத்துங்கன்னு ஆபீஸ்ல கரடியா கத்தறேன். "ஓடறவளே பூ மாதிரின்னு சொல்றா, உமக்கென்னய்யா வந்துச்சு?"ங்கறாங்க. நாளைக்கு நீ என்கூட வந்து, இப்பச் சொன்னதை அப்படியே முதலாளி மூஞ்சிக்கு நேரா சொல்லணும். சம்மதம்னா இங்க கையெழுத்துப் போடு.

தங்கச்சி: சார்… நிஜமாவா? உங்களுக்குக் கோவமே வரலையா?

அக்கா: இருடி. ஏன் சார், மடிச்ச தையல் வரைக்கும் உங்களுக்கு எப்படித் தெரியும்?

கம்பெனிக்காரர்: நான் போட்டிருக்கற ஷூவைக் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க மேடம்… ரொம்பக் கிட்டப் போயிடாதீங்க. மார்க்கர்ல நானே வரைஞ்சது, உங்க அளவுக்கு எனக்குக் கை வராது.