எலுமிச்சைச் செடியில் தையல்சிட்டு

குண்டுகரிச்சானை யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம். தானே வந்து சுவரில் உட்கார்ந்து, வாலைத் தூக்கிப் பாடும். தையல்சிட்டு அப்படியல்ல. இலையோடு இலையாகப் பச்சை முதுகு, துருநிற நெற்றி. குரல் மட்டும் தெருவுக்கே கேட்கும். அதைப் பார்க்க ஒரே வழி அசையாமல் உட்காருவது. அதில் நான் கெட்டிக்காரி.

எங்கள் பின்னறை ஜன்னலுக்கு வெளியே, எலுமிச்சைச் செடியில், இரண்டு இலைகளைப் பஞ்சால் தைத்து அது கூடு கட்டியிருந்தது. ஜன்னலை ஒட்டி வாஷ்பேசின். என் கணவர் தினமும் காலையில் அங்கே நின்றுதான் காறுவார். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தொண்டையில் புரண்டு, வாய்க்கு வந்து அங்கே கொஞ்சம் தங்கும். துப்பிவிட்டுக் குனிந்து நிறம் பார்ப்பார். தண்ணீர் ஊற்றமாட்டார். ஓட்டையில் இழுபட்டுத் தொங்குவதைக் கல்யாணமான நாள் முதல் நான்தான் விரலால் தள்ளிக் கழுவினேன். அதே விரலால்தான் சாப்பிட்டேன்.

“கொஞ்சம் சத்தம் வராம துப்புங்களேன். குஞ்சு பொரிச்சிருக்கு.”

“அந்தத் துக்கிணியூண்டு குருவிக்காக நான் சளியை முழுங்கணுமா? அதுகிட்டயே நேரம் கேட்டுச் சொல்லு. அது வெளிய போனப்புறம் காறிக்கிறேன்.”

அவருடைய சிரிப்பு எப்போதும் இருமலில்தான் முடியும். ஆஸ்துமா.

அன்று காறலிலேயே மூச்சு இழுத்துக்கொண்டது. நான் ஜன்னலோரம் பைனாகுலருடன் உட்கார்ந்திருந்தேன். பேசினைப் பிடித்தபடி திரும்பினார். உதட்டிலிருந்து கோழை நூலாக இறங்கி பனியனில் ஒட்டியது. “எடு” என்றார். அதன்பிறகு சொல் வரவில்லை, விசில் மட்டும் வந்தது. தாய்ச்சிட்டு புழுவோடு வரும் நேரம், எழுந்தால் மிரண்டுவிடும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். மகளிடமும் இப்படித்தான் சொன்னேன்.

உண்மையில் எழ வேண்டிய அவசியமே இல்லை. அவர் கைகாட்டியது என் மடியைத்தான். அவர் விழிக்கும் முன்பே அலமாரியிலிருந்து இன்ஹேலரை எடுத்து அங்கே வைத்திருந்தேன். கையை நீட்டினால் போதும். நீட்டிய கையை அவர் பற்றிக்கொண்டால் என்ன செய்வது என்று இருந்தது. அவர் விரல்களெல்லாம் ஈரம்.

கோபமெல்லாம் கிடையாது. நல்ல மனிதர். மகளைப் படிக்கவைத்தார். என்னை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை.

எல்லாம் முடிந்தபின் மகள் ஜன்னலோரம் வந்து நின்றாள். “எந்தக் குருவிம்மா?” காட்டினேன். வெளியே போய் இலையைப் பிரித்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“அம்மா, ஒரே எறும்பு. குஞ்சுங்க செத்து நாளாச்சு போலிருக்கே.”

உள்ளே வந்து கையைக் கழுவினாள். பிறகு இன்ஹேலர் எங்கே இருந்தது என்று கேட்டாள். சொன்னேன். அவள்தான் ஸ்டேஷனுக்குப் போன் செய்து உங்களைக் கூப்பிட்டாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

எறும்பு ஏறுவதை நானும் பார்த்திருந்தேன். தாய்ச்சிட்டு வருவதை நிறுத்தியிருந்தது. அன்று காலை அந்தச் செடியில் பார்க்க எதுவும் இல்லை. அவர் வாய் அடங்கும்வரை அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.