கையுறையின் சத்தம்

தோல் கையுறைக்கு எண்ணெய் போட ஒரு கைப்பக்குவம் வேண்டும். சீசன் முடிந்ததும் எண்ணெயைக் கொட்டி ஊறவைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தோல் தொளதொளத்துப் பழைய செருப்பு மாதிரி ஆகிவிடும். விரல் நுனியில் தொட்டு, கைக்குழந்தைக்குத் தடவுகிற அளவு தடவினால் போதும். நீங்கள் இதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறீர்கள், எண்ணெய்க்கு வேலை இருக்காது. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

நீங்கள் போனில் பேசியபோது, "இருபத்தெட்டு வருஷம் முகாம்ல பந்து பிடிச்ச கையுறை, அது எங்க கிளப் கூடத்துல இருக்கணும் சார்" என்றீர்கள். சந்தோஷம். என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால், 1971 பிப்ரவரியில் இது என்ன செய்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. அந்த ரெக்கார்டர் ஓடட்டும். வேர்க்கடலை எடுத்துக்கொள்ளுங்கள், காலையில்தான் அவித்தேன்.

பேஸ்பாலில் கேட்சர் என்றால் ஆட்டத்தில் இறங்குகிற ஆள் என்று நினைப்பார்கள். நான் ஒரு ஆட்டத்திலும் இறங்கியதில்லை. எனக்கு மட்டை பிடிக்க வராது. பிட்சர்கள் கை பழக எறிகிற பந்தைக் குந்தி உட்கார்ந்து பிடிப்பதுதான் என் வேலை. மைதானத்தின் ஓரத்தில் கயிறு கட்டிய ஒரு துண்டு நிலம். அந்தக் கோடியில் மண்மேட்டின் மேல் பிட்சர், இந்தக் கோடியில் நான், நடுவில் அறுபது அடி. ஃபுளோரிடாவில் வசந்த முகாம் நடக்கிற ஆறு வாரமும், தினம் காலை எட்டு மணிக்கு அங்கேதான் இருப்பேன். பதினெட்டு பிட்சர்கள் வருவார்கள். பத்துப் பேர் சீசன் ஆட அணியோடு வடக்கே போவார்கள். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அந்தப் பத்துப் பேர் யார் என்பதைப் பிப்ரவரியிலேயே பேச ஆரம்பித்துவிடுவார்கள். அது சுத்த முட்டாள்தனம். பிப்ரவரியில் ஒருவன் கையைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. சிலருக்கு முதல் நாளே பந்து சீறும், ஏப்ரலில் சுருண்டு படுத்துவிடும். சிலருக்குக் கை சோம்பல் முறித்து எழுந்திருக்கவே ஒரு மாதம் ஆகும். எமோரி பிளெட்சோ இரண்டாவது ரகம். இருபத்தாறு வயது, அலபாமாக்காரன், பஞ்சாலையில் நூல்கண்டு தூக்கிக்கொண்டிருந்தவன். முந்தின வருஷம் பதினான்கு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தான். அந்த வருஷப் பிப்ரவரியிலும் அவன் பந்து மந்தமாகத்தான் இருந்தது. அது எனக்குத் தெரியும். பழைய பயிற்சியாளருக்கும் தெரியும். ஆனால் அவரை மாற்றிவிட்டார்கள்.

புதிதாக வந்தவர் வெர்ன் ஸ்டக்கி. வேகத்தை அளக்கிற கருவியெல்லாம் முகாமுக்கு வராத காலம் அது. வெர்ன் எனக்குப் பின்னால் வந்து, மண்மேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். வாயில் புகையிலை. "நான் கண்ணால பாக்கறதில்லடா ராய்ஸு, காதால பாக்கறேன்" என்பார். பத்திரிகைக்காரர்கள் அதை மேதையின் கிறுக்கு என்று எழுதினார்கள். எனக்கு மூன்றாம் நாளே விஷயம் புரிந்துவிட்டது. சாப்பாட்டுக் கடையில் மெனுவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வறுத்த மீன் சொன்னார். கண்ணில் புரை. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மனிதனின் பிழைப்பைக் கெடுக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே பாருங்கள், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இந்தக் குழி. கையை இறுக்கி வைத்துப் பந்தை இதில் வாங்கினால் படார் என்று வெடிக்கும். சுமாரான பந்துகூட மகா வேகம் போலக் கேட்கும். எறிந்தவனுக்கு நெஞ்சு நிமிரும். நல்ல கேட்சர்கள் எல்லாரும் இதைச் செய்வார்கள், பிட்சருக்குத் தைரியம் கொடுக்க. அதே பந்தை இங்கே, உள்ளங்கை அடியில், கையைக் கொஞ்சம் பின்னுக்குக் கொடுத்து வாங்கினால் தொப் என்று விழும். மூட்டையைக் கீழே போட்ட மாதிரி. எந்த ராட்சசன் எறிந்தாலும் அவ்வளவுதான்.

நான் ஆறு வருஷமாக எல்லாருக்கும் குழியில்தான் பிடித்துக் கொடுத்தேன். யோசித்துப் பார்த்தால் அது ஒரு பொய். இல்லாத வேகத்தை இருப்பதாகக் காட்டுவது. அந்தப் பிப்ரவரியில், எமோரி விஷயத்தில் அந்தப் பொய்யை நிறுத்தினேன். அவ்வளவுதான் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், அதில் நியாயமும் இருக்கிறது. இரவல் கொடுத்தவன் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் இல்லையா?

இதற்கும் முந்தின வருஷ விருந்துக்கும் சம்பந்தம் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேறு யாராவது சொன்னால் நான் மறைத்த மாதிரி ஆகும். சீசன் கடைசியில் ஒரு விருந்து. எமோரி எழுந்து நன்றி சொன்னான். புல் வெட்டுகிறவரைச் சொன்னான், துணி துவைக்கிறவரைச் சொன்னான். யாரோ, "ராய்ஸ விட்டுட்டியேப்பா" என்று கத்தினார்கள். அவன் சிரித்துக்கொண்டே, "மிஸ்டர் ராய்ஸோட கையுறைக்குத்தாங்க பெரிய நன்றி சொல்லணும். அதக் கம்பத்துல மாட்டி வெச்சாலும் என் பந்துக்குச் சத்தம் வரும்" என்றான். மேஜை மேஜையாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல பையன், மனதில் கள்ளம் கிடையாது.

முகாமில் முதல் வாரம் முழுக்க அவனுக்குத் தொப், தொப் என்றுதான் விழுந்தது. வெர்ன் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"யாருடா அது, மாவு பிசையற மாதிரி?"

"பிளெட்சோ."

"போன வருஷம் பதினாலு ஜெயிச்சவனா? பந்து செத்துக் கெடக்கே."

அவனுக்குக் கை மெதுவாகத்தான் விழிக்கும் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். அவர் என் கருத்தைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டாம் வாரம் எமோரி பலத்தைக் கூட்டினான். பிப்ரவரியில் அந்தக் கை தாங்கக்கூடிய பலம் அது இல்லை. மற்றவர்கள் முப்பது பந்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அவன் அறுபது, எழுபது என்று போனான். பந்தில் வேகம் வர ஆரம்பித்தது. நிஜமான வேகம். அதை உள்ளங்கை அடியில் வாங்குவது லேசான காரியம் இல்லை. சுத்தியலால் அடித்த மாதிரி இருக்கும். என் கை நீலம் பாரித்துப் போயிற்று. சுகத்துக்காக நான் அதைச் செய்யவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு புதன்கிழமை மத்தியானம், கை கால் பிடித்துவிடுகிற அறையில் நாங்கள் இருவர் மட்டும். அவன் முழங்கைக்கு மிளகாய்க் களிம்பு தேய்த்துக்கொண்டிருந்தான். நான் ஐஸ் வாளியில் கையை விட்டிருந்தேன். கையை எடுத்தபோது பார்த்துவிட்டான்.

"ஐயையோ, என்ன மிஸ்டர் ராய்ஸ், கை இப்பிடி வீங்கிக் கெடக்கு? என் பந்தாலயா?"

அவன் முகத்தில் பதறலோடு ஒரு ஆசையும் இருந்தது. அந்தக் கையில் எல்லாமே எழுதியிருந்தது. இவ்வளவு வீங்க வைக்கிற பந்து செத்த பந்தாக இருக்க முடியாது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அன்றோடு பலத்தைக் குறைத்துக்கொண்டிருப்பான்.

"இல்லப்பா. கார் கதவுல மாட்டிக்கிச்சு" என்றேன்.

அந்த ஆசை அணைந்துபோனதைப் பார்த்தேன். "அப்பச் சரி" என்றான். கொஞ்ச நேரம் களிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். "எனக்கு வேற எதுவும் தெரியாதுங்க, மிஸ்டர் ராய்ஸ். திரும்ப மில்லுக்குப் போனா செத்துருவேன். இந்தக் கை ஒண்ணுதான் இருக்கு" என்றான். நான் அவனுக்காக மனதார வருத்தப்பட்டேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

சனிக்கிழமை முதல் ஆட்டம். யார் யாரை எறியவிட்டுப் பார்க்கலாம் என்று வெள்ளிக்கிழமை மாலைக்குள் வெர்ன் பட்டியல் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை வந்ததுமே, "தம்பி, இன்னிக்குச் சத்தம் வரணும். வரலைன்னா பேர அடிச்சிருவேன், அப்பறம் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்காத" என்றார். சொல்லிவிட்டு வழக்கம் போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

எமோரி எறிந்தான். நாற்பது பந்து. அவ்வளவு நல்ல பந்தை நான் என் வாழ்க்கையில் பிடித்ததில்லை, அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. நாற்பதும் தொப். ஒவ்வொன்றுக்கும் அவன் வெர்னின் முதுகைப் பார்த்தான். முதுகு அசையவில்லை. முப்பதுக்கு மேல் ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் இரண்டு விரலால் முழங்கையின் உள்பக்கத்தைத் தொட்டுக்கொண்டான். அதன் அர்த்தம் முகாமில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

நாற்பத்தோராவது பந்துக்கு அவன் மூச்சை இழுத்துப் பிடித்ததைப் பார்த்தேன். அதைக் குழியில் வாங்கினேன். ஏன் என்று கேட்டால், பாவம், ஒரு தடவையாவது கேட்கட்டும் என்றுதான். படார் என்ற சத்தம் தகரக் கொட்டகையில் மோதித் திரும்பி வந்தது. அந்தச் சத்தத்துக்குள் இன்னொரு சின்னச் சத்தம் இருந்தது, பச்சை பீன்ஸை ஒடிப்பது போல. அது மண்மேட்டிலிருந்து வந்தது. வெர்ன் காதில் அது விழவில்லை. என் காதில் விழுந்தது.

வெர்ன் திரும்பினார். "இதுதான்டா! இதத்தான்டா இத்தன நாளாக் கேட்டேன்! எங்க, இன்னொண்ணு போடு!"

நான் எழுந்து முகமூடியைக் கழற்றியிருக்கலாம். கையைக் காட்டி நிறுத்தியிருக்கலாம். நான் குந்தியபடியே கையுறையை நீட்டினேன். இன்னொன்று.

எமோரி சிரித்துக்கொண்டிருந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது, ஆனால் சிரித்தான். கையைத் தூக்கி எறிந்தான். பந்து பாதி தூரத்தில் விழுந்து, புல்லில் மெதுவாக உருண்டு என் காலடிக்கு வந்து நின்றது. அவன் மேட்டில் மண்டியிட்டு வலது கையை இடது கையால் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். நான்தான் முதலில் அவனிடம் போனேன்.

"மிஸ்டர் ராய்ஸ், சத்தம் வந்துச்சுல்ல?" என்றான்.

"வந்துச்சுப்பா" என்றேன்.

முழங்கை நரம்பு அறுந்தால் ஒட்டவைக்கிற வைத்தியம் அந்தக் காலத்தில் இல்லை. ஏப்ரலில் அவன் மில்லுக்குத் திரும்பிப் போனான். சட்டைப் பொத்தானை இடது கையால் போடப் பழகிக்கொண்டதாக எழுதினான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கார்டு வரும். எல்லாவற்றிலும் ஒரே விஷயம்தான்: அன்றைக்கு அந்த ஒரு பந்தை நீங்கள் பிடித்தீர்களே, அந்தச் சத்தம் போதும், வேறு கேட்சராக இருந்தால் அதுகூடக் கிடைத்திருக்காது. பத்தொன்பது கார்டு. இருபதாவதை அவன் மனைவி எழுதியிருந்தாள். ஏரியில் படகு மட்டும் மிதந்ததாம். உள்ளே ஷூவைக் கழற்றி ஒழுங்காக வைத்திருந்தானாம். அதை என் தலையில் கட்ட வேண்டாம். இருபது வருஷத்தில் ஒரு மனிதனுக்கு ஆயிரம் கஷ்டம் வரும்.

வெர்ன் அடுத்த வருஷமே வேலையை விட்டுவிட்டார், பார்வை முழுசாகப் போய்விட்டது. கடைசி வரைக்கும், "பாவி, ஒரு நாள் முன்னாடி அந்தப் பந்தப் போட்டிருந்தான்னா நிறுத்தச் சொல்லியிருப்பேன்டா" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அவர் மனதை ஆற்ற என்னால் முடிந்தவரை பார்த்தேன்.

அதன் பிறகு என் கையுறையைக் கம்பத்தில் மாட்டுகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. எழுபத்தாறில் ஒருவன் எடுத்தான். எண்பத்திரண்டில் ஒருவன். அதற்குள் வேகக் கருவி வந்துவிட்டது, கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது. அவர்கள் பெயரும் வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன். அவர்கள் கார்டு போடுவதில்லை.

இந்தாருங்கள், வைத்துக்கொள்ளுங்கள். நாலு தடவை கயிறு மாற்றியது, குழி இன்னும் அப்படியே இருக்கிறது. ஏன் தயங்குகிறீர்கள்? இது வெறும் தோல். கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே பெயர்ப்பலகை வைப்பீர்கள் இல்லையா, அதில் இந்தக் கையுறையைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். ராய்ஸ் டாகெட் என்று எழுதுங்கள். அந்தச் சத்தம் நான் போட்டது.