ரெண்டு சாக்கு வெங்காயம்

"ஒரு கிலோ வெங்காயம் கேட்ட ஒரு அம்மா வீட்டு வாசல்ல கடைக்காரங்க ரெண்டு மூட்டையை இறக்கிட்டு வந்திருக்காங்கடா!"

ஜூஜுவாடியில் பஸ் ஏறி எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்த கண்ணாடிக்காரர் இப்படிச் சொன்னதும், நான் காதிலிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

"உன் ஆப்புலயா? வாயால சொன்னா மளிகைக் கடைக்கு ஆர்டர் போகுமே, அதுவா?" என்றார் பக்கத்தில் கம்பெனிச் சட்டையிலிருந்த நண்பர்.

"அதேதான். ஏஐகிட்ட சொல்லிச் சொல்லி நான் ஒருத்தனே செஞ்சது. ஆப்பை வாங்கின மொத கடையே இதுதான். அந்தம்மா கன்னடக்காரங்க. ஒரு கிலோன்னு சொல்லிட்டு, 'சாக்கு, சாக்கு'ன்னிருக்காங்க."

"கன்னடத்துல 'போதும், போதும்'னு."

"ஆப்புக்குத் தமிழ்தானே தெரியும்? ரெண்டு சாக்கு போட்டுடுச்சு. இப்ப கடைக்காரர் ஆப்பே வேணாம்ங்கறாரு."

நண்பர் சிரித்து முடிப்பதற்குள் சூளகிரியே வந்துவிடும் போலிருந்தது.

"ஓசூர்ல விக்கிற ஆப்புக்குக் கன்னடம் சொல்லித் தராம விட்டிருக்கியே! சரி, உனக்காவது தெரியுமா? 'வேணும்'னா கன்னடத்துல என்னடா?"

"பேக்கு."

"அதான்டா நீ."